சுவருக்கு அடியில் ஓடும் குழாய்

தண்ணியக்காவுக்கு அந்தப் பெயர் வேலையால் வந்தது. கீழ்ப்பக்கத்துத் தெருக்களுக்குக் குடிதண்ணீர் திறந்துவிடும் வால்வு அறை அவள் பொறுப்பு. அவள் சாவியைப் போட்டுத் திருகாமல் அங்கே ஒரு வீட்டுக் குழாயும் சொட்டாது. ஆண்களில் சிலர் அந்தப் பெயரைச் சொல்லும்போது வேறு தண்ணியை நினைத்துக்கொண்டு தங்களுக்குள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், விடிந்தால் முகம் கழுவ என்னிடம்தானே வரவேண்டும் என்று அவளும் விட்டுவிடுவாள்.

எதையும் இப்படிச் சுலபமாக விட்டுவிடுகிறவள், ஒரே ஒரு ஆளை மட்டும் பன்னிரண்டு வருஷமாக விடவில்லை. இத்தனைக்கும் அந்த ஆளின் முகத்தை அவள் பார்த்ததுகூட இல்லை.

இது விளங்க வேண்டுமானால் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஊருக்கு நடுவே ஒரு சுவர் இருக்கிறது. ஒரே சந்தையில் பேரம் பேசி, ஒரே வாய்க்காலில் துணி துவைத்த இரண்டு சனங்கள் ஒரு வருஷம் அடித்துக்கொண்டார்கள். பிரித்து வைத்தால் அடங்குவார்கள் என்று யாரோ கட்டிய சுவர் அது. அதற்குப் பிறகு எல்லோரும் மேல்பக்கத்துக்காரர், கீழ்ப்பக்கத்துக்காரர் என்று ஆகிவிட்டார்கள். முதலில் கல்லெறிந்தது யார் என்று கேட்டால் இரண்டு பக்கமும் கையோடு ஒரு கதை வைத்திருக்கும். இரண்டும் ஒரே கதைதான், ஆட்கள் மட்டும் இடம் மாறியிருப்பார்கள். அதனால் நாம் அதைக் கேட்கப் போவதில்லை.

சுவரைக் கட்டிய மேதாவிகள் எல்லாவற்றையும் பிரித்துவிட்டு, தண்ணீரைப் பிரிக்க மறந்துபோனார்கள். தொட்டி மேல்பக்கத்து மேட்டில் இருந்தது. வால்வு அறை கீழ்ப்பக்கத்தில், சுவரை ஒட்டி இருந்தது. இரண்டையும் சேர்க்கும் இரும்புக் குழாய் சுவருக்கு அடியில் ஓடியது. தொட்டியில் ஒருவர் திறந்துவிட்டால் இங்கே ஒருவர் வாங்கித் தெருத்தெருவாகப் பிரித்துவிட வேண்டும். ஒருவர் முந்தி ஒருவர் பிந்தினால் எங்காவது குழாய் வெடிக்கும். முன்பெல்லாம் ஃபோனில் சொல்லிக்கொள்வார்கள். சண்டையில் முதலில் செத்தது ஃபோன் கம்பிதான்.

தண்ணியக்கா அப்போது வேலைக்குப் புதிது. அவள் கணவர் அதே அறையில் அதே வேலை பார்த்தவர். மார்வலி வந்து அவர் போய்விட, அந்த வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. எப்போது தண்ணீர் வரும், எப்போது நிற்கும் என்று தெரியாமல் அவள் விழிபிதுங்கிக் கிடந்த நாட்களில், ஒரு காலை கையிலிருந்த ஸ்பானர் நழுவிக் குழாய்மேல் விழுந்தது. சற்று நேரத்தில் குழாய்க்குள்ளிருந்து 'டங்' என்று ஒரு பதில் வந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேயோ பிசாசோ என்று வாசல் வரை ஓடியவள், பேய்க்கு ஸ்பானர் எதற்கு என்று யோசித்துத் திரும்பி வந்து, வேண்டுமென்றே ஒரு தட்டு தட்டினாள். மறுபடியும் பதில் வந்தது.

அப்படித்தான் அந்தப் பேச்சு தொடங்கியது. ஒரு தட்டு என்றால் திறக்கிறேன். இரண்டு என்றால் போதும், நிறுத்தலாம். மூன்று விடாமல் வந்தால் உடனே மூடு, ஏன் எதற்கு என்று கேட்டுக்கொண்டு நிற்காதே. யாரும் உட்கார்ந்து பேசி வைத்ததல்ல, பழகப் பழகத் தானாக வந்தது. வெளியே துப்பாக்கிகள் பேசிக்கொண்டிருந்தபோது, மண்ணுக்கு அடியில் இரண்டு பேர் சண்டை சச்சரவு இல்லாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். இது வெளியே தெரிந்தால் எதிரியோடு கூட்டு என்று சொல்லித் தோலை உரித்திருப்பார்கள். அதனால் இரண்டு பேருமே காதும் காதும் வைத்தமாதிரி நடத்தினார்கள்.

நாளடைவில் தட்டை வைத்தே அந்த ஆளின் மனசை எடைபோடும் அளவுக்கு அவள் தேறிவிட்டாள். மெதுவாக, அழுத்தமாகத் தட்டினால் நல்லபடி இருக்கிறார். படபடவென்று வந்தால் வீட்டில் ஏதோ சண்டை. சாயங்காலம் வேலை முடிந்ததும் கடைசியாக ஒரு மெல்லிய தட்டு வரும். அதற்குத் தண்ணீர்க் கணக்கில் எந்த அர்த்தமும் இல்லை. போய்வருகிறேன் என்று அவள் எடுத்துக்கொண்டு, அவளும் ஒன்று தட்டிவிட்டுக் கதவைப் பூட்டுவாள். கணவர் போனபின் அவளிடம் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன ஒரே ஆள் அவர்தான். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள்.

பிறகு அந்தக் கோடை வந்தது. மேல்பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் குண்டு விழுந்து பிள்ளைகள் செத்தார்கள். மறுநாள் காலை, தெருவெல்லாம் பக்கெட்டோடு காத்திருந்த நேரத்தில், குழாயில் மூன்று தட்டு விழுந்தது. எப்போதும் கேட்கிற தட்டு இல்லை. தாறுமாறாக, கோபத்தில் சட்டியைப் போட்டு உடைக்கிற மாதிரி இருந்தது. அவள் மூடினாள். மூன்று என்றால் மூடவேண்டும், அது அவர்களுடைய சட்டம். அன்றும் மறுநாளும் தண்ணீர் வரவில்லை. மோட்டார் ரிப்பேர் என்று ஊருக்குச் சொல்லி மழுப்பினாள்.

வீட்டில் அவளோடு தம்பியும் தம்பி மனைவியும் இருந்தார்கள். கைக்குழந்தை வேறு. இரண்டாம் நாள் வீட்டில் ஒரு சொட்டு இல்லை. பாலத்தடியில் கைப்பம்பு ஒன்று இருந்தது, ஆனால் அது சுவரின் காவல் கூண்டுகளுக்கு நேர் எதிரே. தண்ணியக்கா வேலைக்குக் கிளம்பும்போது, படுத்திருந்த தம்பியைப் பார்த்து, போய் ஒரு கேன் பிடித்துவாடா என்று சொல்லிவிட்டுப் போனாள். அவன் போனான், திரும்பவில்லை. எந்தப் பக்கத்துத் தோட்டா என்றுகூடக் கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அந்த மெல்லிய தட்டு வந்தபோது அவள் பதில் தட்டவில்லை. அதற்குப் பிறகு தண்ணீருக்காகத் தட்டினாளே தவிர, அந்தச் சாயங்காலத் தட்டுக்கு என்றைக்குமே பதில் தட்டவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பழிவாங்க எங்கள் தண்ணீரை நிறுத்தினான், அதற்கு என் கையையே கருவியாக வைத்துக்கொண்டான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அவன் தட்டினான், நான் மூடினேன், நானே தம்பியை அனுப்பினேன். இந்த மூன்றையும் மனசுக்குள் போட்டு அரைத்துக்கொண்டே பன்னிரண்டு வருஷம் வால்வைத் திருகினாள். தம்பி மனைவியிடம்கூடத் தட்டு விஷயத்தைச் சொல்லவில்லை. அவளுக்கும் மோட்டார் ரிப்பேர்தான்.

போன வருஷம் பெரியவர்கள் எங்கோ ஒப்பந்தம் போட்டார்கள். சுவரில் ஒரு கதவு திறந்தது. சமாதானம் வந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். வந்தது ஒரே சமாதானம்தான், ஆனால் ஆளுக்கொரு பங்காகத்தான் போய்ச் சேர்ந்தது. திரைத்துணிக் கடைக்காரருக்குச் சமாதானம் என்றால் பூப்போட்ட துணி. அத்தனை வருஷமும், ராத்திரி வெளிச்சம் வெளியே தெரியாமல் ஜன்னலை மறைக்கும் கறுப்புத் துணி தவிர வேறெதுவும் அவர் விற்கவில்லை. சுவரில் காவல் காத்தவனுக்கோ அது வேலை போன நாள். அவன் இப்போது கதவோரம் உட்கார்ந்து சைக்கிளுக்குக் காற்றடிக்கிறான், சண்டைக் காலத்தில் மரியாதை இருந்தது என்று பெருமூச்சு விடுகிறான். அன்றைய கைக்குழந்தை, வீட்டில் எல்லோரும் குட்டி என்று கூப்பிடுகிற பெண், இப்போது எட்டாம் வகுப்பு. சமாதானத்தில் பரீட்சையைத் தள்ளிவைக்க மாட்டேன் என்கிறார்கள் என்பது அவளுடைய ஒரே வருத்தம். தம்பி மனைவி எதுவும் சொல்லவில்லை. கதவு திறந்த மாதமே மேல்பக்கத்துத் தையல் ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். எப்படி அங்கே போக மனசு வருகிறது என்று தண்ணியக்கா ஒருமுறை கேட்டதற்கு, குட்டிக்கு ஷூ வாங்கவேண்டுமே என்று மட்டும் சொன்னாள்.

ஃபோனும் திரும்ப வந்துவிட்டதால் தட்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று. எப்போது திறப்பார்கள் என்று அலுவலகத்திலிருந்து செய்தி வந்துவிடும். தொட்டிக்காரர் இரண்டு மூன்று முறை, அந்த அம்மாவைப் பார்க்கவேண்டும் என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினார். தண்ணியக்கா உடம்பு சரியில்லை, வேலை இருக்கிறது என்று தட்டிக்கழித்தாள்.

இந்த நிலைமையில்தான் ஹெட்மாஸ்டர் வால்வு அறைக்கு வந்தார். குண்டு விழுந்த பள்ளிக்கூடத்தின் ஹெட்மாஸ்டர் அவர்தான், ஓய்வு பெற்றுச் சமாதானக் குழுவுக்குத் தலைவராகியிருந்தார். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத மனிதர். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வகுப்பு நிறையப் பிள்ளைகளிடம் பேசிக்கொண்டிருந்தவர், ஒரே நாளில் காலி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு நின்றவர். இரண்டு பேர் எதிரே உட்கார்ந்தாலே அவருக்கு அது சமாதானம்தான்.

குழாய்த் தட்டு விஷயம் எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. கதவு திறந்து ஒரு வருஷம் ஆவதைக் கொண்டாட, புதிதாகக் கட்டிய பள்ளிக்கூட ஹாலில் இரண்டு பக்கத்து சனங்களையும் கூட்டப் போகிறார்களாம். தொட்டிக்காரரும் தண்ணியக்காவும் மேடைக்கு வரவேண்டும், கையோடு கை கோத்து நிற்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

முடியாது என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். ஆனால் அந்த ஆள் வருகிறாரா என்று கேட்டாள். வருகிறார், எல்லோர் முன்னாலும் ஏதோ சொல்லவேண்டும் என்கிறார் என்றார் ஹெட்மாஸ்டர். அப்படியானால் நானும் வருகிறேன், எனக்கும் ஒன்று கேட்கவேண்டியிருக்கிறது என்றாள். ஹெட்மாஸ்டருக்கு வாயெல்லாம் பல்.

அவள் கேட்க நினைத்தது ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு எதற்காகத் தட்டினாய்? அதை மைக்கில், ஊரறிய, அவனுடைய சனத்தின் முன்னால் கேட்கவேண்டும். அவன் முகத்தில் ஈயாடாமல் போவதைப் பார்க்கவேண்டும். அது முடிந்தால் தன் மனசு அடங்கிவிடும் என்று அவள் நம்பினாள். எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகச் சமாதானத்தைக் கொண்டாடுகிறார்கள், என்னுடையது இதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த நாளும் வந்தது. குட்டி பரீட்சைக்குப் படிக்கவேண்டும் என்று வீட்டில் இருந்துகொண்டாள். தம்பி மனைவி தண்ணியக்காவை அழைத்துக்கொண்டு கதவைத் தாண்டி நடந்தாள். சுவர் எழுந்த பிறகு தண்ணியக்கா அந்தப் பக்கம் காலெடுத்து வைப்பது அதுதான் முதல் தடவை. எல்லாம் தன் தெரு மாதிரியே இருந்தது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அதே மாதிரி பெயிண்ட் உதிர்ந்த கதவுகள், அதே மாதிரி மாடியில் காயும் துணிகள், குழாயடியில் அதே மாதிரி வாய்ச்சண்டை.

ஹாலில் நாற்காலிகள் கலந்துதான் போடப்பட்டிருந்தன. சனம் கலக்கவில்லை. ஒரு பக்கம் அவர்கள், ஒரு பக்கம் இவர்கள், நடுவே ஒரு நடைபாதை. தம்பி மனைவி மட்டும் ஃபேக்டரித் தோழிகளைப் பார்த்துவிட்டு மேல்பக்கத்து வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள். பின்சுவரில் செத்துப்போன பிள்ளைகளின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. தண்ணியக்கா அவற்றை ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகு மேடையில் தனக்குப் போட்டிருந்த நாற்காலியில், அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தாள்.

தொட்டிக்காரர் மேடைக்கு வந்தார். அவள் மனசில் வைத்திருந்தது பெரிய மீசை வைத்த, தடித்த கழுத்துள்ள ஆள். வந்தவரோ தோளில் சட்டை நிற்காத ஒல்லி, வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவர் மாதிரி இருந்தார். அவளைப் பார்த்ததும் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். வலது கையில் விரல்கள் மடங்கியே இருந்தன. அவள் பதிலுக்குத் தலையை மட்டும் அசைத்தாள்.

ஹெட்மாஸ்டர் பேசிப் பேசி ஹாலே கொட்டாவி விட்ட பிறகு, ஒருவழியாக மைக் தொட்டிக்காரரிடம் போனது.

"எனக்குப் பேசிப் பழக்கம் இல்லீங்க. தட்டித்தான் பழக்கம்" என்றார். ஹால் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

அந்தக் கோடையைப் பற்றிச் சொல்ல வந்ததாக ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தில் குண்டு விழுந்த மறுநாள் காலை. தான் கேட்க வந்த கேள்விக்கு இந்த ஆள் கேட்காமலே பதில் சொல்லப் போகிறார் என்று தண்ணியக்காவுக்குப் புரிந்தது.

"நம்ம பக்கத்துப் பசங்க கொஞ்ச பேரு மேட்டுக்கு வந்தாங்க. கையில பூச்சிமருந்து டிரம். கீழ போற குழாயில ஊத்தணும்னாங்க. வேணாம்டான்னு காலைப் புடிச்சேன். தொட்டி மூடியைத் தூக்கி என் கைமேல போட்டாங்க. அவங்க ஊத்திட்டு இருக்கும்போதே கீழ ஓடி, இடது கையால ஸ்பானரை எடுத்து மூணு தட்டு தட்டினேன். பழக்கமில்லாத கை. கோணல் மாணலாத்தான் விழுந்துச்சு. இந்த அம்மாவுக்குப் புரியுமோ புரியாதோன்னு உயிரே இல்ல எனக்கு. ஆனா மூடிட்டாங்க. ஏன்னு கேக்க வழியில்ல, இருந்தாலும் நம்பி மூடிட்டாங்க."

அதற்குப் பிறகு இரண்டு நாள், குழாயில் இருந்ததையெல்லாம் ஓடையில் திறந்துவிட்டுக் கழுவிக் கழுவி ஊற்றினாராம். ஓடையில் மீன் செத்து மிதந்ததாம்.

"அன்னையிலேர்ந்து சாயங்காலத் தட்டுக்குப் பதில் வரல. பயந்துட்டாங்க போலன்னு நெனச்சுக்கிட்டேன். நான் எவ்வளவோ பேரைக் காப்பாத்தாம இருந்திருக்கேன், வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கேன். ஆனா அன்னைக்கு அந்தப் பக்கத்துல ஒரு உயிர்கூடப் போகல. அதை நெனச்சாத்தான் எனக்குத் தூக்கமே வருது. சமாதானம் சமாதானம்னு சொல்றீங்களே, எனக்கு அது ஒண்ணுதான்."

பிறகு மேல்பக்கத்து வரிசையில் ஒருவர் எழுந்தார். பின்சுவரில் அவர் மகன் படம் இருந்தது. எங்கள் பிள்ளைகள் செத்ததைப் பேசாமல் எங்கள் பையன்களைக் கொலைகாரர்கள் என்கிறாயா என்று கேட்டார். இன்னொருவர், இது புளுகு, அப்படி எதுவும் நடக்கவில்லை, பேர் வாங்க அளக்கிறான் என்றார். நாலைந்து பேர் மேடையை நோக்கி வந்தார்கள். ஹெட்மாஸ்டர், எப்போதும் பேசிக்கொண்டே இருக்கிற அந்த மனிதர், பேச்சு வராமல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தொட்டிக்காரருக்கு முன்னால் போய் நின்றார். நின்றபடியே தண்ணியக்காவைத் திரும்பிப் பார்த்தார். தொட்டிக்காரரும் பார்த்தார். அவர் சொன்னதற்கு உலகத்தில் வேறு சாட்சி இல்லை.

தண்ணியக்காவுக்கு மண்டைக்குள் குழாய் அடைத்துக்கொண்டது போல் இருந்தது. அது கோபமும் அல்ல, பழியும் அல்ல, பழகாத இடது கை. தட்டை வைத்தே ஆளைப் படிப்பேன் என்று பீற்றிக்கொண்டவள், அந்த ஒரு தட்டைத் தப்பாகப் படித்துவிட்டு, ஒரு மனிதனைப் பன்னிரண்டு வருஷம் கொலைகாரனாக வைத்திருந்தாள். சரி, அவன் கொலைகாரன் இல்லை. ஆனால் என் தம்பி செத்தது நிஜம்தானே? ஒரு உயிர்கூடப் போகவில்லை என்கிறாரே, போனதே. சொன்னால் என்ன? நீ தட்டியதால் என் தம்பி செத்தான் என்று ஒரு வார்த்தை. அது பொய்யும் இல்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தானே அவள் வந்தாள்.

அவள் கீழே பார்த்தாள். தம்பி மனைவி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எந்த நாள் என்று அவளுக்கும் விளங்கிவிட்டது என்பது அந்த முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

தண்ணியக்கா மைக்கைப் பிடித்தாள்.

"மூணு தட்டு வந்துச்சு. மூடினேன். ரெண்டு நாள் எங்களுக்குத் தண்ணி இல்ல. மோட்டார் ரிப்பேர்னு நான்தான் பொய் சொன்னேன். இவர் சொல்றது அத்தனையும் உண்மை" என்றாள். மகனைப் பறிகொடுத்த அந்த மனிதரைப் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்க பிள்ளைங்க செத்த அன்னைக்கு எங்க தெருவுல சில பேரு அழுதாங்க. சில பேரு சிரிச்சாங்க. நான் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்திருந்தேன். அதையும் சொல்லிடணும்."

கீழ்ப்பக்கத்து வரிசையில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்தத் தகப்பன் நின்ற இடத்திலேயே நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். யாரும் கைதட்டவில்லை. கை கோத்து நிற்கும் பேச்சை ஹெட்மாஸ்டரும் எடுக்கவில்லை.

கூட்டம் கலைந்து வாசலுக்கு வந்தபோது தொட்டிக்காரர் பின்னாலேயே ஓடிவந்தார். பாரம் இறக்கிவைத்த ஆளாக, முகம் பளிச்சென்று இருந்தது. நீங்கள் வாய் திறந்திருக்காவிட்டால் இன்றைக்கு என் கதை கந்தலாகியிருக்கும் என்று நன்றி சொன்னார். பக்கத்தில் நின்றவளைப் பார்த்து இவர் யார் என்று விசாரித்தார்.

"என் தம்பி பொண்டாட்டி" என்றாள் தண்ணியக்கா.

"அப்படியா, சந்தோஷம்மா. தம்பி வரலையா?"

தண்ணியக்கா தம்பி மனைவியைத் திரும்பிப் பார்த்தாள். சொல்வதானாலும் மறைப்பதானாலும் அதற்கு உரிமை தனக்கில்லை, பக்கத்தில் நிற்பவளுக்குத்தான் என்று அவளுக்குப் பட்டது. தம்பி மனைவி அந்த மனிதரை ஏற இறங்கப் பார்த்தாள். மடங்கிய விரல்களைப் பார்த்தாள்.

"அவரால வர முடியலீங்க" என்றாள்.

"பரவால்ல, பரவால்ல. இன்னொரு நாள் அவரையும் கூட்டிக்கிட்டு எல்லாரும் வீட்டுக்கு வாங்க. தொட்டிப் பக்கத்துலதான் வீடு."

"சரிங்க" என்றாள் அவள்.

அவர் இரண்டு பேரையும் கும்பிட்டுவிட்டு, மேட்டைப் பார்க்க நடந்தார். நடையில் ஒரு துள்ளல் இருந்தது. அவருடைய தூக்கத்தை அவரிடமே விட்டுவிட்டு இரண்டு பெண்களும் கதவை நோக்கித் திரும்பினார்கள்.

தம்பி மனைவி விறுவிறுவென்று முன்னால் போனாள். தண்ணியக்காவுக்கு மூச்சு வாங்கியது. ஓடிப்போய்க் கையைப் பிடிக்கவும் பயம், பின்தங்கவும் பயம். கடைசியில் மூடியிருந்த ஒரு கடையின் படியில் தம்பி மனைவி சட்டென்று உட்கார்ந்தாள். மோட்டார் ரிப்பேர் என்றுதானே இத்தனை வருஷமும் சொன்னீர்கள் என்றாள். குரலில் கோபம் இருந்தது. இருக்கவேண்டிய கோபம்தான்.

தண்ணியக்கா நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். மூடியது என் கை, உனக்கு அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, அந்த ஆள் வேண்டுமென்றே செய்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அப்படி நினைத்தால்தான் என் பங்கு எனக்குக் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தது என்றாள். தம்பியைப் போகச் சொன்னதும் நான்தான், அதை நீயே கேட்டாய், என்னை என்ன வேண்டுமானாலும் சொல் என்றாள்.

தம்பி மனைவி தலையைக் குனிந்துகொண்டு தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது கோபம் போய்விட்டிருந்தது, அந்த இடத்தில் பயம் இருந்தது.

"நீங்க சொல்லிட்டுப் போயிட்டீங்க. அவர் எங்க போனாரு? திரும்பிப் படுத்துக்கிட்டாரு. சுடுறாங்க, இருட்டுனதும் போறேன்னாரு. நான்தான்க்கா கேனைக் கழுவிக் கையில குடுத்தேன். பிள்ளைக்குப் பால் கலக்கத் தண்ணி இல்ல, நீங்கல்லாம் ஒரு ஆம்பளையான்னு கேட்டேன். அந்தக் கடைசிப் பேச்சை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. உங்களுக்குத் தெரிஞ்சா வீட்டை விட்டு அனுப்பிடுவீங்கன்னு நெனச்சேன்."

தண்ணியக்கா அந்தப் படியில் அவளை ஒட்டி உட்கார்ந்தாள். ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே பிள்ளையை வளர்த்துக்கொண்டு, இரண்டு பேரும் அதே சாவை ஆளுக்கொரு மூலையில் ஒளித்து வைத்திருந்திருக்கிறார்கள். தண்ணியக்கா அழுதாள். தம்பிக்காக அல்ல, தம்பிக்காக அவள் எத்தனையோ அழுதாயிற்று. அந்தக் கோடையிலிருந்து தன்னைப் பார்த்து மிரண்டுகொண்டே உழைத்த இந்தப் பெண்ணுக்காக.

"உன்னை நான் எங்கேடி அனுப்புவேன்" என்றாள். "எனக்கு வேற யாரு இருக்கா?"